சுவரில் உட்கார்ந்த பிள்ளையார்

ஜேட்மல் வியாஸ் கண்ணை மூடிய நேரம் பார்த்து, தலைமாட்டில் யாரோ, "ராணி இந்தக் கட்டில்லதான் படுப்பாங்களா?" என்று கேட்டார்கள்.

"ராணி இல்லை, நான்தான் படுத்திருக்கேன்!" என்று எழுந்து உட்கார்ந்தார் அவர். எதிரே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு குடும்பம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றது.

பாவம் மனிதர். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் லட்டுக்கடை. விடியுமுன்னே அடுப்பு மூட்டுகிறவருக்கு மத்தியானத் தூக்கம் ஒன்றுதான் சுகம். தீபாவளி கழிந்ததிலிருந்து அதுவும் போயிற்று. கோட்டைக்குள் எத்தனையோ வீடு இருக்க, ஊர் பார்க்க வருகிற கூட்டமெல்லாம் ராணி மகாலைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்குள்தான் நுழைந்தது. முழங்கால் வலியால் அவர் கோட்டையின் கீழ்வாசல் பக்கம் இறங்கியே பல மாதமாயிற்று. ஊர்தான் அவரைத் தேடி மேலே ஏறி வந்தது.

"ஒரு பலகை எழுதி மாட்டுங்களேன்," என்றாள் மனைவி மூமல்.

எழுத வந்தவன் கம்லேஷ். கோட்டைக்குள் சுவர்ச் சித்திரத்துக்கு வேறு ஆள் கிடையாது. போன வருஷம் அவன் அம்மா இவர் மகள் சந்தாவைப் பெண் கேட்டு வந்தபோது, "ஏணியில தொங்குறவனுக்கா என் பொண்ணு?" என்று ஜேட்மல் அனுப்பிவிட்டார். பையன் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. 'இது வீடு, அரண்மனை அல்ல' என்று பலகையில் எழுதி, வழக்கம்போல மூலையில், தலை திருப்பிப் பார்க்கிற ஒரு மயிலையும் போட்டுக் கொடுத்தான்.

மயில் அவ்வளவு அழகு. அதைப் படம் பிடிக்க நின்றவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று உள்ளேயும் எட்டிப் பார்த்தார்கள்.

ஜேட்மல் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். தலைப்பாகையும் மீசையுமாக உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். விழித்தபோது இரண்டு பேர் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அரண்மனைக் காவல்காரர். என்ன பண்ணினாலும் அசையமாட்டார்," என்று ஒருத்தி மற்றவர்களுக்கு விளக்கினாள்.

"ஐயா, இன்னொரு வழி இருக்கு," என்றான் கம்லேஷ். "நம்ம ஊர் வழக்கப்படி சுவத்துல கல்யாணப் பிள்ளையாரை வரைஞ்சு, பொண்ணு மாப்பிள்ளை பேரும் நாளும் எழுதிடலாம். கல்யாண வீட்டுக்குள்ள வெளியாள் நுழையக் கூசுவான்."

"மாப்பிள்ளைக்கு நான் எங்கேடா போறது?"

"யார் பேரையாவது எழுதிக்கலாம்."

"எழுதித் தொலை. என்னை எழுப்பாதே."

அன்று நன்றாகத்தான் தூங்கினார். எழுப்பியது மேளச் சத்தம். பக்கத்து வீட்டு கேசர்பாய் வெல்லத்தட்டோடு நின்றாள். பின்னால் தெருவே நின்றது.

"கள்ளா! வசந்த பஞ்சமிக்கே நாள் வெச்சுட்டு வாயைத் திறக்கலையே நீ! நல்லவேளை, சுவத்துல எழுதினே. சுவர் கூப்பிட்டா ஊரையே கூப்பிட்ட மாதிரி!"

ஜேட்மல் சுவரைப் பார்த்தார். பிள்ளையாருக்குக் கீழே, 'சந்தா - கம்லேஷ், வசந்த பஞ்சமி'.

"டேய்! ஏண்டா உன் பேரை எழுதினே?"

"வேற வீட்டுப் பையன் பேரை எழுதினா அவங்க சண்டைக்கு வரமாட்டாங்களா, மாமா?"

"காலையில ஐயா, இப்ப மாமாவா? எடுடா சுண்ணாம்பை!"

கேசர்பாய் குறுக்கே வந்தாள். "சுவத்துல உக்காந்த பிள்ளையாரைக் கல்யாணம் முடியுமுன்னே அழிப்பியா? அப்புறம் உன் பொண்ணுக்கு எவன் வந்து மாலை போடுவான்?"

ஜேட்மல் மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"பிள்ளையாரே உக்காந்துட்டாரு. நான் என்னப்பா சொல்றது?" என்றாள் சந்தா, தரையைப் பார்த்தபடி.

நின்று வாதாட அவர் காலில் தெம்பில்லை. "சரி, நடக்கட்டும். கட்டிலை மட்டும் எனக்கு விட்டுடுங்க," என்று உள்ளே போய்ப் படுத்தார். கண் சொருகியது.

"ஏங்க, ராணி மகால் இதுதானே?"

வாசலில் நாசிக்கிலிருந்து வந்த ஒரு அம்மாள், இடுப்பில் குழந்தையோடு. சுவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, பிள்ளையார் காலடியிலும் அதே மயில்! கீழ்வாசல்லேர்ந்து உங்க வீடு வரைக்கும் 'ராணி மகாலுக்கு வழி'ன்னு சந்துக்குச் சந்து அம்புக்குறி போட்டு வெச்சவரும் இதை வரைஞ்சவர்தானா?"