தலை என்னோடது, குரல் அக்காவோடது

அன்பும் அதிகாரமும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். நம்பு. அங்கு நீயும் மாமாவும் நலமா?

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும்போது விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து என் டாக்டர், என் மாத்திரை எல்லாம் உன் பொறுப்பாகவே இருந்துவிட்டன. "இந்தத் தடவை தனியாப் போய்ட்டு வா, சொதப்பினா மூட்டை கட்டி எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாய். போனேன். நடந்ததை எழுதுகிறேன். வரிசை முன்னே பின்னே இருந்தால் அது தலையின் தவறு, என் தவறு அல்ல.

காலையிலே உன் குரல். போன்ல அலாரமாப் பேசிப் பதிஞ்சு வெச்சிருக்கியே, "டேய், மாத்திரை போட்டியா?"ன்னு, அதுதான். போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம். கிழமைக்கு ஒரு அறை வெச்ச மாத்திரை டப்பாவைத் திறந்தா இன்னைக்கு உள்ள அறை காலி. அப்போ போட்டாச்சு. இல்லே, நிரப்பவே இல்லையோ? நாளைக்கு உள்ளதுல மாத்திரை இருக்கு, அதனால நிரப்பியாச்சு, போட்டாச்சுன்னு, தலையில அடிபட்டவங்களுக்கு நடத்தற ஞாபகப் பயிற்சி வகுப்புல சொல்லிக் கொடுத்தபடி யோசிச்சு முடிவு பண்ணி, "போட்டுட்டேன்க்கா, கத்தாதே"ன்னு அலாரத்துக்குப் பதில் சொன்னேன். கீழ்வீட்டுத் தையல்காரர் நீதான் வந்திருக்கேன்னு நினைச்சு உனக்கும் சேர்த்து டீ கொண்டு வந்துட்டார். ரெண்டையும் நானே குடிச்சேன்.

ஆஸ்பத்திரியிலே ஒரே கேள்வியை மனசுல கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போய், "புது மாத்திரை போட்டதுலேர்ந்து தலை சுத்துது டாக்டர்"ன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, வாயைத் திறங்கன்னார். பல் டாக்டர்! கடைவாய்ப்பல் சொத்தையாம். டாக்டர் எதைச் சொன்னாலும் நம்ம வாயால திருப்பிச் சொல்லணும்னு வகுப்புல பழக்கியிருக்காங்க இல்லையா, "இடது பக்கம் மெல்லக் கூடாது"ன்னு திருப்பிச் சொன்னேன். "கரெக்டாப் பிடிச்சுக்கிட்டீங்க"ன்னு பாராட்டினார். தங்கமான மனுஷன்.

நம்ம டாக்டர் ரூமைக் கண்டுபிடிச்சு உட்காரவும் போன்ல மறுபடியும் உன் குரல், "டேய், தலைசுத்தலைக் கேட்டியா?" "கேட்கறேன் இரு"ன்னேன். டாக்டர் பேனாவை வெச்சுட்டார். "அக்காவையே வரச் சொல்லுங்க, அவங்ககிட்ட பேசிக்கறேன்"ன்னார். அழுகையே வந்துடுச்சுக்கா. "தலை என்னோடது டாக்டர், என்கிட்டயே சொல்லுங்க"ன்னுட்டேன். பேனாவை மறுபடி எடுத்தார். அப்புறம் தலைசுத்தலைப் பத்தி விசாரிச்சு, புது மாத்திரையைக் குறைச்சார். முதல் தடவை திருப்பிச் சொன்னப்போ இடது பக்கம் மெல்லக் கூடாதுன்னுட்டேன். ரெண்டாம் தடவை சரியாச் சொன்னேன்: புதுசு ராத்திரி மட்டும் பாதி, பழசு அப்படியே.

ஆகையால் நீ வர வேண்டாம். நான் இங்கேயே இருக்கிறேன். மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் தொண்டைக்கு ஓய்வு.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சமையலறையிலேர்ந்து "டேய், சாப்பிட்டியா?"ன்னு உன் குரல். இப்படி ஒரு அலாரம் இல்லையேன்னு குழம்பிப்போய் போனையே அணைச்சேன். மறுபடியும் கேட்டுது. போய்ப் பார்த்தா, உன்கிட்ட இருக்கற சாவியால திறந்துக்கிட்டு வந்து நிக்கறது நீயே! ஆஸ்பத்திரியிலே கடைசி வரிசையிலே முக்காடு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தியாம். நான் பல் டாக்டர் ரூமுக்குள்ளே போனப்போகூட வாயே திறக்கலையாம். உனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்க்கா. என் துணிமணியை அள்ளிட்டுப் போகக் கொண்டு வந்த பெரிய பையைக் காலியாவே மடிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டே. எல்லாம் உனக்கே தெரிஞ்சாலும் கடிதத்தை எப்படியும் போஸ்ட் பண்றேன். வாசல்ல நின்னு நீ சொன்னதை என் வாயால திருப்பிச் சொல்றேன், சரியான்னு பார்த்துப் பதில் போடு: "அடுத்த தடவையும் நீயே போ."