கம்பளிக் கிடங்குக்கு ஒரு பதக்கம்

மனித குலத்தில் வார இறுதி வீரர் என்று ஓர் உட்பிரிவு உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை நம்மைப் போலவே கோப்பு தள்ளுவார். சனி ஞாயிறு ரிசர்வ் படையில் பயிற்சி. வருஷத்துக்கு இரண்டு வாரம் முகாம். போர் வந்தால் கூப்பிடுவார்கள். போர் வருவதில்லை. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்?

நம்முடையவர் தண்ணீர் வாரியத்தில் தலைமை எழுத்தர். அங்கே எல்லோருக்கும் அவர் 'ஜெனரல்'. படையிலோ கம்பளிக் கிடங்குப் பொறுப்பாளர். மின்விசிறி நின்றால் "நிலைமை கட்டுக்குள் இருக்கு" என்பார், தெருக்குழாய் உடைந்துவிட்டது என்று பதறி ஓடிவருகிறவரை நிற்க வைத்து, "எத்தனை மணிக்கு? சரியா சொல்லுங்க. படையில இருக்கிறவன் நான், ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆனாலும் ஒத்துக்கமாட்டேன்" என்று குறிப்பேட்டை விரிப்பார். அதற்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

"ஜெனரல் சார், எல்லையில ஏதும் விசேஷமா?" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"அதெல்லாம் வெளியில சொல்றதுக்கில்லப்பா."

வாஸ்தவம். அறுநூற்று நாற்பது கம்பளியில் பதினொன்றைப் பூச்சி அரித்துவிட்டது. எதிரிக்குத் தெரிந்தால் என்ன ஆவது?

இப்படிப்பட்டவருக்கு உயிர், மூச்சு எல்லாம் ஒன்றுதான்: நீண்டகாலச் சேவைப் பதக்கம். பன்னிரண்டு வருஷம், ஒரு நாள்கூட முறியாத சேவை. அதற்காக மச்சினன் கல்யாணத்தை விட்டார். மகள் பிறந்த அன்று கம்பளிக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் வருஷம் முடிந்ததும், பதக்கம் குத்த இடம் வேண்டுமென்று கோட்டுப் பையை ஓர் அங்குலம் கீழே இறக்கித் தைக்கச் சொன்னார். தையல்காரர் தைத்தும் கொடுத்தார். கடிதமும் வந்தது.

மனைவிதான் பிரித்துப் படித்தாள். "ஏங்க, நாலாவது வருஷ முகாம்ல ஒரு நாள் நீங்க போகலையாம். அதுக்கு மறுநாள்லேருந்துதான் கணக்காம். இன்னும் நாலு வருஷம் இருக்குங்கிறான்."

"நானா? போகலையா? எந்தப் பய எழுதினான்?"

அந்தப் பயலைப் பிடிக்க, சீருடையோடு படை அலுவலகத்துக்கே போய்விட்டார். அங்கிருந்த எழுத்தர் பழைய வருகைப் பதிவேட்டைத் தூசி தட்டித் திருப்பினார். 'வரவில்லை.' கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. பக்கத்தில் கையெழுத்து. ஜெனரல் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.

அவருடைய கையெழுத்துதான்.

நினைவு வந்தது. அன்று கிடங்கு ஆட்கள் மூன்று பேர் தாமதமாக வந்தார்கள். மூவருக்கும் 'வரவில்லை' போட்டார். பேருந்து பழுதாகி, அவரே பன்னிரண்டு நிமிஷம் தாமதம். நீதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே? தமக்கும் போட்டுக்கொண்டார். சிவப்பு மை எடுத்து, கோடும் இழுத்தார்.

"அந்த மூணு பேரும் அப்பவே மேலதிகாரிக்கு மனு கொடுத்து சரி பண்ணிட்டாங்க சார். போன மாசம் பதக்கமும் வாங்கிட்டாங்க" என்றார் எழுத்தர். "நீங்களும் ஒரு மனு கொடுங்க. இத்தனை வருஷம் ஆயிட்டதால, அன்னைக்கு ரிஜிஸ்டர் எழுதினவர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

ஜெனரல் பேனாவைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார்.

"வேண்டாம்பா. எனக்கு அந்த ஆளைத் தெரியும். சம்மதிக்கமாட்டான்."

எழுத்தருக்குச் சிரிப்பதா, சல்யூட் அடிப்பதா என்று தெரியவில்லை. ஜெனரல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மிச்ச நான்கு வருஷத்துக்கான கம்பளிகளை எண்ணப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நமக்குப் பதக்கமும் கிடையாது, சீருடையும் கிடையாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது: போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், அவர் கேட்காமலேயே, "இந்த ஆபீசுல எனக்கு எத்தனை வருஷம் சர்வீஸ் தெரியுமா?" என்று ஆரம்பித்தது யார்?

நானும் இல்லை என்று சொல்லத்தான் பார்க்கிறேன்.