கம்பத்து முசியேயும் மூன்று பெயர் டிரான்ஸ்பார்மரும்

ஊர், பேர், உறவு எதுவும் கேட்காமல் மின்கம்பத்தை வைத்தே மனிதர்களை அடையாளம் கண்ட ஒரே ஆத்மா, புதுச்சேரியில் எங்கள் கம்பத்து முசியே மட்டும்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், ஒரு மின் ஆபீசின் திட்டப் பிரிவில் அவருக்கு எதிர்மேசை எனக்கு. தலையில் வெள்ளைக்காரத் தொப்பியோடு கம்பம் கம்பமாக அலைவார். அதனால் அந்தப் பட்டம்; பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா.

ஒரு கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பாவிடம், "உங்க வூடு எந்த டிரான்ஸ்பார்மர்?" என்றார், கோத்திரம் விசாரிக்கிற தோரணையில். பதில் வந்ததும் முகம் மலர்ந்தது. "மாப்ள வூடும் அதே லைன்தான். கரண்ட்டு போனா ரெண்டு வூட்டுக்கும் சேந்தே போவும். சம்பந்தி சண்டையே வராது." சம்பந்திகள் இருவரும் குனிந்து சாம்பாரைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கிறுக்கின் அருமை எங்கள் அரியாங்குப்பம் தெருவால்தான் எனக்குப் புரிந்தது. சாயந்திரமானால் அங்கே டியூப்லைட் கண்ணடிக்கும், எரியாது. அம்மாவுக்கு இளைப்பு நோய். மருந்துப் புகை பிடிக்கிற மெஷினைப் போட்டால் அம்மாவைவிட அதுதான் அதிகம் இளைக்கும். புது டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு மேல் மனு போட்டோம். "அங்கதான் மூணு இருக்கே" என்றே பதில் வந்தது.

முசியே ரிஜிஸ்டர்களைப் புரட்டினார். புது இணைப்பு கொடுப்பவர்கள் 'மாதா கோயில் டிரான்ஸ்பார்மர்' என்று எழுதியிருந்தார்கள். ரிப்பேர்காரர்கள் 'ரைஸ்மில்' என்றார்கள். எங்கள் பிரிவில் அது 'புளியமரம்'. மில்லை மூடியாயிற்று, மரத்தை வெட்டியாயிற்று. மூன்றும் ஒன்றேதான்.

"பேப்பர்ல மூணு பேரு சமைக்கிறாங்க. அங்க ஒருத்தனே ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறாம்பா" என்று தொப்பியை எடுத்தார்.

பெயின்ட் டப்பாவோடு இரண்டு மாதம் என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார். கம்பத்துக்குக் கம்பம் நம்பர் எழுதி, எந்த வீடு எந்தக் கம்பம் என்று குறித்தோம்.

"எதுக்கு சார் நம்பரு? இடிக்கப் போறாங்களா?" என்றார் ஒரு அம்மா.

"இல்லம்மா, கம்பத்துக்குப் பேரு வெக்கிறோம். யாரு கேட்டாலும் இதையே சொல்லுங்க."

"எம் புள்ள பொறந்து மூணு மாசமாவுது, அதுக்கே இன்னும் பேரு வெக்கல" என்று அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

அந்தக் கோடைக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். ஒரே டிரான்ஸ்பார்மரில் அதிக வீடு தொங்கும் தெருவுக்கே முதலிடம். பழைய ரிஜிஸ்டர்படி அந்தப் பட்டியலில் முதலில் நின்றது முசியேயின் சொந்தத் தெரு. அங்கேயும் வோல்டேஜ் போதாமல் மோட்டார் மாடிக்குத் தண்ணீர் ஏற்றாது. அவர் மனைவிதான் குடம் சுமந்தார். அந்தத் தெருவையும் மனிதர் வீடு வீடாக எண்ணினார். எப்போதோ வேறு லைனுக்கு மாறிய வீடுகளெல்லாம் இன்னும் அதன் கணக்கிலேயே இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் அடித்தார். அவர் தெரு கீழே போனது, எங்கள் தெரு மேலே வந்தது.

'அடிக்காதீங்க சார்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் இளைப்பு வாயை அடைத்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது.

"வூட்ல என்னா சார் சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"லிஸ்ட்டுல நம்ம தெரு கீழ பூடுச்சின்னு சொல்லுவேன். யாரு எறக்குனான்னு கேக்கமாட்டா."

டிரான்ஸ்பார்மர் வந்தது. அம்மா மூச்சுத் திணறாமல் தூங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முசியே வீட்டுக்குப் போனேன். தோளில் குடத்தோடு மாடிப்படியில் நின்றிருந்தார், தலையில் அதே தொப்பி.

"உங்க வூட்ல சாயந்திரத்துல எத்தினி வோல்ட்டு வருது?" என்றார்.

அவர் குடத்தை வாங்கிக்கொண்டேன். மாடித் தொட்டி நிறைகிறவரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.