உடன் வசிப்பவர்: ஆம் / இல்லை

அனுப்புநர்:
க. உடையப்பன்,
பதிவுத்துறை உதவியாளர் (ஓய்வு),
வல்லத்திராக்கோட்டை, புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
திருமதி உண்ணாமலை,
மேற்படியாரின் மனைவி,
தற்சமயம் மகள் வீடு, பெங்களூர்.

பொருள்: ஓய்வு பெற்றோருக்கான கூடுதல் மருத்துவக் காப்பீடு – மூன்று திட்டங்களின் செலவை ஒப்பிட்டது – மனைவியின் கருத்தைக் கோருவது – தொடர்பாக.

அன்புள்ள உண்ணாமலைக்கு,

முப்பத்தேழு வருஷத்தில் உன் பேரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. 'இந்தா' என்றும் 'சுடர் அம்மா' என்றும் கூப்பிட்டே காலம் போய்விட்டது. எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பேர்தான்.

இங்கு அனைவரும் சுகம். அனைவரும் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். இருப்பது நான் ஒருத்தன். அங்கு உன் சுகத்தையும், மகள் சுடர்விழி, மாப்பிள்ளை வெற்றிச்செல்வன், பாப்பா ஆகியோரின் சுகத்தையும் விவரமாக, முடிந்தால் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல், எழுதவும்.

போனில் சொல்ல முடியாததா, கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பின்னால் மாப்பிள்ளை ஆபீஸ் மீட்டிங்கில் இங்கிலீஷ் பேசுகிற சத்தம் கேட்கிறது. பாப்பா போனைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள். "சாப்ட்டீங்களா?" என்கிறாய், "ஆச்சு" என்கிறேன். "மாத்திரை போட்டீங்களா?" "ஆச்சு." "அப்ப வைக்கிறேன்." இதற்குள் எந்தப் புருஷன் எதைப் பேச முடியும் சொல்லு. அதுவும் நான் சொல்ல வந்தது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். பணம் சம்பந்தப்பட்டது மட்டும்தான் என்பதை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். என்னோடு வேலை பார்த்த சிவசாமிக்குப் போன மாதம் இருதய ஆபரேஷன் நடந்தது. பென்ஷனில் மாசாமாசம் பிடிக்கிறார்களே காப்பீடு, அது ஓர் எல்லையோடு நின்றுகொண்டது. மேலே ஆன செலவுக்கு மனுஷன் ரோட்டோரத்து மனையை விற்றார். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் சொத்து கை மாறுவதைப் பதிவு செய்தவர்கள் நாங்கள், ஆஸ்பத்திரிக்காகச் சொந்த மனையையே அவர் எழுதிக் கொடுக்கிறதைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்து நம் பாஸ்புக்கை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அந்த எல்லைக்கு மேல் ஆகிற செலவைக் கொடுப்பதற்கென்றே கூடுதல் பாலிசி இருக்கிறதாம். விசாரித்தேன். நம் தெரு முனையில் சந்தனமேரி இருக்கிறார் இல்லையா, பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் இப்போது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மூன்று கம்பெனி நோட்டீஸ்களை எடுத்துக்கொண்டு மறுநாளே வந்துவிட்டார். வந்தவருக்கு ஒரு காப்பி போடலாம் என்று போனால் சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியவில்லை. மகள் பிரசவத்துக்கு நீ போன பதினொரு மாசமாக நான் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. டாக்டர் சொன்னபடிதான் நடக்கிறேன் என்று உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பெருமையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முதல் திட்டம் நம் இரண்டு பேருக்கும் வருஷத்துக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. மலிவு என்று சந்தோஷப்பட்டேன். அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறான், நூறு ரூபாய் பில் வந்தால் இருபது ரூபாய் நம் தலையில். இரண்டாவது, பதினோராயிரத்து எழுநூறு. அதில் உன் மூட்டுவலிக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். "மூணு வருசமெல்லாம் ஆகாது. பதினொரு மாசத்துக்கே இங்க ஆள் பாதியாயிட்டேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சந்தனமேரி கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சார், நான் மூட்டுக்குச் சொன்னேன்" என்றார். மூன்றாவது, பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரம். விலை கூடுதல்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது துணைக்கு இருக்கிறவருக்கு நாளைக்கு ஐநூறு ரூபாய் படி கொடுக்கிறான். எனக்கு அது பிடித்திருந்தது. "துணைக்கு யார் சார் இருப்பா?" என்று கேட்டார் அந்த அம்மா. விலை விவரத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

விண்ணப்பத்தில், 'இதற்கு முன் வந்த நோய்கள், விபத்துகள்' என்று ஒரு வரி விட்டிருந்தான். ஒரு வரியில் எப்படி அடங்கும்? சொத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல உடம்புக்கும் போட்டுப் பார்த்தேன். 1979, மாடு முட்டியது, இடது தொடை. 1986, மஞ்சள் காமாலை, கீழாநெல்லியால் நிவர்த்தி. 1994, கடைவாய்ப் பல் இரண்டு நீக்கம். 2003, திருவரங்குளம் வளைவில் மொபெட்டிலிருந்து விழுந்தது, சாட்சி: பின்னால் உட்கார்ந்திருந்த உண்ணாமலை. இப்படி நான்கு பக்கம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். சாட்சி இல்லாத ஆவணம் ஓர் ஆவணமா? பால் ஊற்ற வந்த இருளாயியைக் கூப்பிட்டு, "இதுல சாட்சிக் கையெழுத்துப் போடு தாயி" என்றேன். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "என்னங்கய்யா, வீட்ட விக்கிறீகளா?" என்றாள். இல்லை, இது என் உடம்பு பற்றிய தாள் என்றேன். அது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி. உடையப்பன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெங்களூரில் போய் இருக்கப் போகிறார். தரகர் நல்லதம்பி டேப்போடு வந்து நின்று வடக்குச் சுவரை அளக்கிறார். "ஐயா, வெளியாளுக்குக் குடுத்துறாதீங்க, நம்மகிட்டயே பார்ட்டி இருக்கு" என்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "யோவ், பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்ல போயி ஒக்காந்து தின்னுற ஆளாய்யா நான்? மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா சாப்பிட்டுக் கை காயறதுக்குள்ள கெளம்பி வர்றவன்யா" என்று சத்தம் போட்டு விரட்டிவிட்டேன். பாப்பாவுக்குப் பேர் வைத்தபோதுகூட ஓர் இரவு தங்காமல் அன்றைக்கே பஸ் ஏறினேன் என்பது உனக்குத் தெரியும். பஸ் கிளம்பும்போது நீ ஜன்னலோரம் வந்து, "ஒரு மாசத்துல வந்துர்றேன்" என்றாய். அது பத்து மாசத்துக்கு முன்னால் சொன்ன ஒரு மாசம். உன்னைக் குறை சொல்லவில்லை. மகளுக்கு லீவு முடிந்துவிட்டது, பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், நீ வேறென்ன செய்வாய். எல்லாம் புரிகிறது. புரிந்து என்ன பிரயோஜனம்?

மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். ராத்திரியிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் புதுக்கோட்டைக்குப் போனால், ரத்தம் எடுக்கிறவர் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போய்விட்டாராம், பத்தரைக்கு வருவாராம். பத்து மணிக்குக் கண்ணைக் கட்டியது. எதிர்க் கடையில் நாலு இட்லியும் ஒரு வடையும் தின்றேன். பத்து ஐந்துக்கு அவர் வந்துவிட்டார். மறுநாள் மறுபடியும் போனேன். நெஞ்சில் ஒயரை ஒட்டி, "ரிலாக்ஸா இருங்க சார், சந்தோஷமா எதையாவது நெனச்சுக்கங்க" என்றது அந்தப் பெண். நான் உன்னை நினைத்துக்கொண்டேன். வேறு யாரை நினைப்பது? அந்தப் பெண் தாளைப் பார்த்து, "என்ன சார் திடீர்னு துடிப்பு ஏறுது? வேற எதையாவது நெனைங்க" என்றது. பதிவு அலுவலகக் கட்டண விகிதங்களை நினைத்தேன். உடனே சரியாகிவிட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மூன்றாவது திட்டத்தில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரே பாலிசி எடுக்க வேண்டுமானால் இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏழாவது கட்டத்தில் கேட்கிறான்: 'மனைவி உடன் வசிப்பவரா? ஆம் / இல்லை.' சந்தனமேரி, "சும்மா ஆம்னு டிக் பண்ணுங்க சார், யாரு வந்து பாக்கப் போறா" என்கிறார். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய்யான வரியைப் பதிவேட்டில் ஏற்றியவன் இல்லை நான். 'இல்லை' என்று டிக் செய்யப் போனால் கை வரமாட்டேன் என்கிறது. பேனாவைக் கொண்டுபோவதும் மூடி வைப்பதுமாகப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்த விண்ணப்பப் பாரத்தை மேஜையில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறேன். ரசம் வேறு கொட்டிவிட்டது.

'இல்லை' என்றால் தனித்தனி பாலிசி. எனக்கு எட்டாயிரத்து எண்ணூறு. என்னைவிட ஐந்து வயது இளையவளான உனக்கு எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஏனென்றால் நீ இருப்பது பெங்களூர், பெரிய ஊருக்குப் பெரிய விலையாம். ஆக மொத்தம் பதினேழாயிரத்து எழுநூறு. இங்கேயே சேர்ந்து இருந்தால் பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரம். நீ அங்கிட்டும் நான் இங்கிட்டுமாக இருப்பதால் இந்தக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் நஷ்டம். போதாததற்கு வருகிற பதினெட்டாம் தேதியோடு எனக்கு அறுபத்தாறு. வயது ஏறினால் விலையும் ஏறும்.

ஆகவே மேற்படி நஷ்டத்தைக் கருத்தில் கொண்டு, நீ பதினெட்டாம் தேதிக்குள் வல்லத்திராக்கோட்டைக்கு வந்து, ரத்தப் பரிசோதனைக்கு உட்பட்டு, உடன் வசிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையைப் பார்க்க அவர்கள் சம்பளத்துக்கு ஒரு ஆள் போட்டுக்கொள்ளட்டும்.

இல்லை, அந்தக் கடைசி வரியை அடித்துவிடு. பாப்பாவை வேறு யாரும் தூக்க வேண்டாம். எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மாசியில் மூன்று நாள் காய்ச்சலாகக் கிடந்தேன், உனக்குச் சொல்லவில்லை. அப்போது செத்துவிடுவேனோ என்றெல்லாம் பயம் வரவில்லை. நீ அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு, "காய்ச்சக்காரருக்கு ஐஸ் தண்ணி கேக்குதாக்கும்" என்று திட்டுகிற சத்தம் வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். உன்னைப் பார்க்க வேண்டும் உண்ணாமலை. இதற்குக் காப்பீடு ஒரு காரணம், வேறு காரணங்களும் உண்டு.

திருவரங்குளம் கோயில் திருநீறு இத்துடன் ஒரு பொட்டலம் இருக்கிறது. பாப்பா நெற்றியில் வைத்துவிடு. மகளும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் வாழட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதாகச் சொல்லவும். நீ மூட்டுக்குத் தைலம் தடவாமல் படுக்காதே.

மேலே கண்ட விவரங்கள் அனைத்தும் என் சுயநினைவுடன், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதப்பட்டவை.

இப்படிக்கு,
க. உடையப்பன்

பி.கு.: மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை ஒட்டிக்கொண்டு தபாலாபீஸுக்குப் போகிற வழியில் சந்தனமேரி வீட்டில் நின்றேன். பாரத்தைத் திருப்பிக் கொடுத்து, "இன்னும் ஒரு வாரம் டயம் குடுங்க. அவ இங்க வந்தாத்தான் கூட இருக்கறதா எழுத முடியும்" என்றேன். அந்த அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஏன் சார், சேர்ந்து இருக்கணும்னுதான போட்டிருக்கு? அவுங்கதான் வரணும்னு எங்க போட்டிருக்கு?" என்றார்.

மூன்று நோட்டீஸையும் அங்கேயே நின்று, எறும்பு எழுத்து உட்பட, முழுசாகப் படித்துப் பார்த்தேன். எங்கேயும் அப்படிப் போடவில்லை.

'ஆம்' என்று டிக் செய்து, முகவரியில் பெங்களூர் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் பெரிய ஊர் விலை, பதினெட்டாயிரத்து இருநூறு. நான் போட்ட கணக்கு எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம். சந்தனமேரியே, "நல்லா யோசிச்சுக்கங்க சார்" என்றார். யோசித்தாயிற்று என்று பணத்தைக் கட்டிவிட்டேன். உன் ரத்தப் பரிசோதனையை அங்கேயே எடுத்துக்கொள்ளலாமாம். இப்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பெட்டி மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். காலையில் உன் கையிலேயே கொடுக்கிறேன். மாப்பிள்ளை, 'எத்தனை நாள் இருப்பீங்க மாமா?' என்று கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன், நீதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்துக்குக் கட்டியிருக்கிறேன் என்று சொல்லு.