சகதி அக்காவும் விடுதித் தொட்டியும்

தாமிரபரணிக்குக் குளிக்கப் போகிறவர்கள் உண்டு, துணி துவைக்கப் போகிறவர்கள் உண்டு. சகதியை விசாரிக்கப் போன ஒரே ஆள் எங்கள் சகதி அக்காதான்.

பாளையங்கோட்டையில் நான் குமாஸ்தாவாக இருக்கும் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை. வாரம் ஒருதடவை முழங்கால்வரை ஆற்றில் இறங்கிச் சகதி அள்ளி வருவார். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, சோப்புக்கட்டி அளவு இயந்திரத்தில் விட்டால், உள்ளே குடியிருக்கும் கிருமிகளின் பெயரெல்லாம் வாக்காளர் பட்டியல் மாதிரி கணினியில் வந்து விழும்.

சகதியை வைப்பது ஊறுகாய் டப்பாவில். அதுவும் ஆசிரியர் அறை ஃபிரிட்ஜில். ஒருநாள் முதல்வர் தயிர்ச்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டுவிட்டார். நான் போட்ட அலறலில் அக்கா ஓடிவந்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தருவார் என்று பார்த்தால், குப்பியை நீட்டுகிறார்!

"இதுல துப்புங்க சார். ஆத்துக் கிருமி வாய்க்குள்ள எவ்வளவு நேரம் தங்குதுன்னு பாக்கணும்."

பாவம், துப்பினார். இரண்டு நாளில் அக்கா அவர் வாய்க்குள் வசிப்போர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியும்விட்டார்.

போன மழைக்காலத்தில் விடுதிப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வாந்தி, பேதி என்று விழுந்தார்கள். என் தங்கை மகளும் ஆஸ்பத்திரியில். எல்லாரும் சமையல்காரம்மாவைத் திட்டினோம். அக்கா மட்டும் விடுதித் தண்ணீரை வடிகட்டி இயந்திரத்தில் ஏற்றினார். பட்டியல் வந்ததும் முகம் வெளுத்துப்போயிற்று.

"அண்ணாச்சி, இதுல பாதி மனுசக் குடல்ல இருக்குத கிருமி. பிள்ளைக சாக்கடையக் குடிக்குதுக!"

அக்காவும் நானும் விடுதி வார்டனிடம் ஓடினோம். வார்டனோ அசையவில்லை.

"தண்ணி கண்ணாடி மாதிரில்லா இருக்கு மேடம்?"

அக்கா ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். "அப்பக் குடிங்க."

வார்டன் இரண்டடி பின்னால் போனார். அக்கா விறுவிறுவென்று மொட்டைமாடி ஏறி வால்வை அடைத்தார். குழாயைத் தோண்டிப் பார்க்கும்வரை இறங்கமாட்டேன் என்று தொட்டி மூடிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டுச்சேலையோடு!

தோண்டினார்கள். உடைந்த கழிவுநீர்க் குழாயின் ஒழுக்கு, பக்கத்தில் விரிசல் விட்ட குடிநீர்க் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. வார்டன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் என்று சொல்ல அக்காவைத் தேடினேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"போன வாரமே இந்தத் தண்ணிய எடுத்து வச்சேன் அண்ணாச்சி. ஆத்து மண்ணுதான் பெருசுன்னு பாக்காம ஓரமாத் தள்ளிட்டேன்."

முதுகுக்குப் பின்னால்தான் அவர் எங்களுக்கு 'அக்கா'. நேரில் நான் எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன்.

"எந்திரிங்கக்கா," என்றேன். "காலையில இருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல."