கும்பகோணத்துத் துரைசானி

எனக்குக் கோபம் வரும். ஆனால் வாய் வழியாக வராது, விரல் வழியாகத்தான் வரும். டைப்பிஸ்டின் தலையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மாதம் நாற்பது ரூபாய். ஓராண்டு ஒழுங்காக வேலை பார்த்தால் ஐந்து ரூபாய் கூட்டித் தருவதாக நியமனக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. அதை நம்பி, கும்பகோணத்தில் இருந்த என் மனைவி அலமேலுவுக்கு, 'காளிகாட்டில் வீடு பார்த்துவிட்டேன், தை மாதம் அழைத்துக்கொள்கிறேன்' என்று எழுதியும் விட்டேன். (வீடு பார்த்தது உண்மை. வெளியே நின்று பார்த்தேன்.)

ஓராண்டு முடிந்தது. ஐந்து ரூபாய் வரவில்லை. கேட்பதற்காக மானேஜர் துரையின் அறைக்குள் போனேன். "ஜன்னலைச் சாத்தட்டுமா, சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை எப்படியோ விஷயத்தைச் சொல்லிவிட்டேன். துரை தலை நிமிராமல், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். "ரொம்ப நன்றி, சார்" என்றேன். (எதற்கு நன்றி என்று இன்றுவரை தெரியவில்லை.)

மெஸ்ஸில் என் அறைத்தோழன் பஞ்சாபகேசன் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ஓய், எழுத்திலே கொடுத்த வாக்கு. நீர் என்ன பிச்சையா கேக்கறீர்? லண்டன்ல இருக்கற டைரக்டர்களுக்கே எழுதிப் போடும்."

"வேலை போயிடுத்துன்னா?"

"இப்ப மட்டும் என்ன வாழறதாம்?"

மறுநாள் மத்தியானம், ஆபீஸ் காலியாக இருந்த நேரத்தில், கம்பெனித் தாளிலேயே அடித்தேன். 'ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் உழைத்தேன். வாக்களித்த உயர்வைத் தராமல் இழுத்தடிப்பது கனவான்களுக்கு அழகல்ல. என் மனைவி கும்பகோணத்தில் வாடுகிறாள். அவளை அழைத்து வந்து குடித்தனம் வைக்க இந்தச் சம்பளம் போதாது.' அடித்து முடித்ததும் என் இங்கிலீஷில் நானே சொக்கிப்போனேன். அதனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. லண்டன் கடிதம் என்றால் அடியில் 'மானேஜர்' என்று அடித்தே பழகிய விரல்கள், இதன் அடியிலும் அப்படியே அடித்து வைத்திருந்தன.

அன்று லண்டனுக்கு மெயில் போகும் நாள். நான் டிபன் பாத்திரத்தைக் கழுவப் போன சமயத்தில், பியூன் என் மேஜையில் இருந்த கடிதங்களையெல்லாம் வாரிக்கொண்டு துரையிடம் போய்விட்டான். மெயில் நாளில் துரை எதையும் படிப்பதில்லை, கையெழுத்து மட்டும் போடுவார். அன்றும் போட்டார்.

சாயங்காலம், அனுப்பும் கடிதங்களையெல்லாம் கையெழுத்தோடு பதித்து வைக்கும் நகல் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். என் கண்ணீர், அடியில் துரையின் கையெழுத்து. வேஷ்டி தடுக்கத் தடுக்கப் பெரிய தபாலாபீசுக்கு ஓடினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த வங்காளி பாபு, "மெயில் சோலே கேச்சே, மொஷாய்" என்று கையை விரித்தார். மெயில் போய்விட்டதாம்.

பதில் வர ஆறு வாரமாகும். அந்த ஆறு வாரமும் நான் வேண்டாத தெய்வம் இல்லை. கப்பல் மூழ்கட்டும், ஆட்கள் மட்டும் பிழைத்துக்கொள்ளட்டும் என்றுகூடக் காளியிடம் வேண்டிக்கொண்டேன். கப்பல் மூழ்கவில்லை.

துரை கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். லண்டன் கடிதத்தைத் தணிந்த குரலில் படித்தார்: "'உங்கள் மனைவி உங்களோடு கல்கத்தாவில் இருப்பதாக அல்லவா நினைத்திருந்தோம்? கும்பகோணத்தில் இருப்பவர் யார்?'" படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கும் அதுதான் தெரியவேண்டும். யார் அது?"

பியூன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. (பல் மட்டும் தந்தியடித்தது.)

"என் சம்சாரம், சார். கடிதமும் என்னுடையதுதான். அதில் தங்கள் கையெழுத்து விழுந்தது தவறு, மன்னிக்க வேண்டும். எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்" என்று சொல்லி, நியமனக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

துரை அதை இரண்டு தடவை படித்தார். "உட்கார். லண்டனுக்கு எழுது" என்றார். "'கும்பகோணத்துப் பெண்மணி என் டைப்பிஸ்டின் மனைவி. அவனுக்குத் தரவேண்டிய உயர்வு தவறுதலாக நின்றுபோயிருந்தது. இந்த மாதம் முதல் தரப்படும்.'"

"நின்றுபோன மாதம் முதல் என்று போடட்டுமா, சார்?"

நான்தான் கேட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. துரை முறைத்தார். ஜன்னலைப் பார்த்தார். "போடு" என்றார்.

தை மாதம் அலமேலு ஹௌராவில் வந்து இறங்கினாள். மெஸ்ஸே திரண்டு வந்திருந்தது. பஞ்சாபகேசன், "கும்பகோணத்துத் துரைசானி வந்தாச்சு" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்க அறிவித்தான். அவள் என்னைப் பார்த்தாள். குதிரை வண்டியில் முழுக்கதையையும் சொன்னேன். துரைக்கு எதிரே நிமிர்ந்து நின்றதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். ஹௌராப் பாலம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு ரூபாய்க்கு என்னை வெள்ளைக்காரனுக்குக் கட்டிவெச்சுட்டு, பெருமை வேற" என்றாள்.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷம் ஆகிறது. வீட்டில் எந்தத் தகராறு வந்தாலும், "லண்டன்ல என்னைத் துரை பெண்டாட்டின்னு எழுதி வெச்சிருக்கா, தெரியுமோன்னோ?" என்று பிள்ளைகள் எதிரிலேயே கேட்பாள். ஆனால் அக்கம்பக்கத்துப் பையன்கள் யாருக்காவது ஆபீசில் உயர்வைத் தராமல் இழுத்தடித்தால், "எங்காத்து மாமாவைக் கேளு, துரை கிட்டயே நியாயம் கேட்டவர்" என்று என்னிடம் அனுப்புகிறவளும் அவள்தான். கூடவே, "லெட்டர்ல ஆம்படையாள் பேச்சை மட்டும் எடுக்காதே" என்றும் சொல்லித்தான் அனுப்புவாள்.