எங்கள் ஊர் ஏன் அசைவதில்லை

ஆம்பூர்,
9-6-1984.

பெருமதிப்புக்குரிய செய்தி ஆசிரியர் திரு. சீனிவாசன் அய்யா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் ஆம்பூர் பகுதிநேரப் படச் செய்தியாளரும் கிருபா போட்டோ ஸ்டுடியோ உரிமையாளருமான மோசஸ் கிருபானந்தம் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கு நானும் என் மனைவி இன்பமும் கேமராவும் சுகம். அங்கே தாங்களும் குடும்பத்தாரும் சுகமா, பிலிம் கழுவும் மிஷின் போன மாதம் போலப் படுத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்று அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "உங்கள் ஊர்ப் படங்களில் ஒருவர்கூட அசைவதில்லை. நாங்கள் கேட்பது ஓடும் படம், சுவரில் மாட்டும் படம் அல்ல. அடுத்த ரோலும் இப்படியே வந்தால் உங்கள் பெயரை எடுத்துவிட்டு, காட்பாடி ஆளையே ஆம்பூருக்கும் அனுப்பிவிடுவோம்" என்று எழுதியிருந்தீர்கள். இன்பம் படித்துவிட்டு, "அவரு கேக்கறது நியாயம்தானே?" என்றாள். கட்டிய மனைவியே எதிர்க்கட்சியில் உட்கார்ந்தால் மனுஷன் எங்கே போவது. ஆனாலும் அய்யா, இந்த வேலையை நான் விடுவதாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் காரணத்தைக் கேளுங்கள். இருபது வருஷமாக இந்த ஊரில் ஞானஸ்நானம், நிக்காஹ், காதுகுத்து, துபாய்க்குப் போகிறவனின் பாஸ்போர்ட், தோல் பதனிடும் ஷாப் தொழிலாளியின் அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் படம் எடுத்தவன் நான்தான். பிலிம் விற்கிற விலையில் இரண்டாவது தடவை எடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால், "மூச்சைப் பிடி, அசையாதே, நான் சரின்னு சொல்ற வரைக்கும் இமை கொட்டக்கூடாது" என்று அதட்டி அதட்டியே ஊரை வளர்த்துவிட்டேன். இப்போது நான் எந்தப் பெட்டியைத் தூக்கினாலும் ஆம்பூர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. சினிமாப் பெட்டி வேறு, போட்டோப் பெட்டி வேறு என்று சொன்னால், "கண்ணு வைக்கிறது நீதானே?" என்கிறார்கள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் எடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் வந்த பையன் கயிற்றைத் தொடப்போகிற நேரத்தில் என்னைப் பார்த்துவிட்டான். நின்றுவிட்டான். பின்னால் வந்தவனும் நின்றான், அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் வரிசையாக நின்றார்கள். யாருமே ஜெயிக்காததால் பரிசுக் கோப்பையை டிரில் மாஸ்டருக்கே கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தோல் கிடங்கில் தீப்பிடித்த அன்றைக்கும் இதே கதை. கிணற்றிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி வாளி வந்துகொண்டிருந்தது. நான் கேமராவைத் தூக்கியதும் மேஸ்திரி அமீர் பாஷா வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். அவரைப் பார்த்து மொத்த வரிசையும் நின்றுவிட்டது. "பாய், தண்ணிய ஊத்துங்க, நெருப்பு கூரைக்குப் போவுது" என்று கத்துகிறேன், அவர் உதட்டை அசைக்காமல், "நீ மொதல்ல எடுத்து முடி மோசஸண்ணே, நாங்க அப்பால ஊத்திக்கிறோம்" என்கிறார். கேமராவைக் கீழே போட்டுவிட்டு நானும் வாளி தூக்கிய பிறகுதான் தீ அணைந்தது. அந்தப் படத்தில் நெருப்பு மட்டும் நன்றாக நடித்திருக்கிறது என்று எழுதினீர்கள். இன்பம் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

சரி, ஊரைத் திருத்துவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் அனுமதி வாங்கி, "என் கேமராவைப் பார்த்தால் எல்லோரும் அசைய வேண்டும்" என்று அறிவிப்புக் கொடுத்தேன். பேஜாராகப் போய்விட்டது. பஸ் நிழற்குடை திறப்பு விழாவில் கூட்டம் முழுக்கக் கையையும் காலையும் ஆட்ட, ரிப்பன் வெட்டிய பெரியவர் ரிப்பன் கீழே விழுந்த பிறகும் வெறும் காற்றை வெட்டிக்கொண்டே நின்றார். "இது திறப்பு விழாவா, தேகப்பயிற்சியா?" என்று கேட்டு அந்த ரோலையும் குப்பையில் போட்டீர்கள். போட்டது சரிதான். ஆனால் மனசு விட்டுப்போகவில்லை. விழுந்தால் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்கிற ஜாதி நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சுண்ணாம்புக்காரத் தெரு என்று ஒன்று. தோல் ஷாப்களின் கழிவுத் தண்ணீர் இறங்கி இறங்கி அந்தத் தெருக் கிணறு டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. துணி துவைத்தால் துணி பழுக்கிறது, சோறு வடித்தால் சோறு கசக்கிறது. செருப்புக் கம்பெனியில் தையல் வேலை செய்கிற கெங்கம்மாள் என்னிடம் வந்து, "மனு குடுத்துக் குடுத்து கை ஓஞ்சிபோச்சுண்ணே. எங்கள டிவில காட்டு. அப்பவாச்சும் யாராவது பாப்பாங்க" என்றாள். அவள் வீட்டுப் பிள்ளைக்குக் கையெல்லாம் சொறி. "வர்றேன், ஆனா நீங்க அசையணும்" என்றேன். "அதுக்கு இன்னா, ஆடிக்கூடக் காட்டறோம்" என்றாள்.

இன்று காலை அந்தத் தெருப் பெண்கள் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய குடத்தோடு மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். வரும்போது நன்றாகத்தான் வந்தார்கள், பேச்சென்ன, சத்தமென்ன. நான் கேமராவின் ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுத்துக் கண்ணில் வைத்தேன். அவ்வளவுதான். ரோட்டுக்குக் குறுக்கே, இடுப்பில் குடம், தலையில் முக்காடு, எல்லோரும் சிலையாகிவிட்டார்கள். என் பிழைப்பு போச்சு என்று நினைக்கிறேன், அதே நேரம் வேலூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரியின் ஜீப் வந்து நிற்கிறது. ஹாரன் அடிக்கிறார்கள். ஒரு பெண்கூடத் திரும்பவில்லை. டிரைவர் திட்டுகிறான். ஒரு கண்கூட இமைக்கவில்லை. ஜீப்புக்குப் பின்னால் உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று வந்து ஒட்டி நின்றது. சித்திரை வைகாசி வெயிலில் அந்த லாரிக்கு முன்னால் யாராலும் உட்கார்ந்திருக்க முடியாது அய்யா. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"வழி விடுங்கம்மா" என்றார். பதிலே இல்லை. பேசினால் படம் கெட்டுவிடுமே. அவர் என்னைப் பார்த்தார். "எந்தப் பத்திரிகை?" "டெலிவிஷன் சார்" என்றேன். உடனே சட்டைக் காலரைச் சரிசெய்து, தலையைக் கோதிக்கொண்டு, அவரும் ஒரு பக்கம் வந்து நின்றார். ரோல் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ரோல் தீர்ந்த பிறகும் நான் கேமராவை இறக்கவில்லை, சாவி கொடுத்துக்கொண்டே இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கெங்கம்மாள் குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரை உள்ளங்கையில் சாய்த்து மோந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இதையா குடிக்கிறீங்க?" என்றார். கெங்கம்மாள் உதட்டை அசைக்காமல், "இதத்தான் சார்" என்றாள். கையை உதறித் துடைத்துக்கொண்டார். பிறகு கேமராவைப் பார்த்து, நாளைக் காலை முதல் லாரித் தண்ணீர் வரும், ஒரு மாதத்தில் தெருவுக்குக் குழாய் வரும் என்றார். "பதிவாச்சா?" என்று என்னைக் கேட்டார். "நல்லாப் பதிவாச்சு சார்" என்றேன். "எப்ப காட்டுவாங்க? நான் பாக்கணும்" என்றார். அப்புறம்தான் நான், "சரி, ஆச்சு" என்றேன். பெண்கள் மூச்சை விட்ட சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ஆகவே அய்யா, இந்த ரோலிலும் யாரும் அசையவில்லை. ஆனால் இதை வெட்டாதீர்கள். அந்தப் பெண்கள் அசையாமல் நின்றதால்தான் ஜீப் நின்றது. அதிகாரி பார்க்கப்போகிறார். படம் வராவிட்டால் குழாயும் வராது என்று பயமாக இருக்கிறது. காட்பாடி ஆளை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் கேமராவைத் தூக்கினால் எங்கள் ஊர்க்காரர்கள் பாதியில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இன்னும் நாலு ரோல் அனுப்புங்கள். இந்த ஊரை ஒரு நாள் அசைத்துக் காட்டாமல் நான் ஓயமாட்டேன்.

தங்கள் இல்லத்தில் அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள். கர்த்தர் தங்களையும், தங்கள் எடிட்டரையும் ஆசீர்வதித்து, அவருடைய கத்தரிக்கோலை மட்டும் கொஞ்சம் கம்மியாக ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
மோசஸ் கிருபானந்தம்.

பி.கு.: மறுநாள் காலை எழுதுவது. பிலிம் டின்னைக் கறுப்புத் துணியில் சுற்றலாம் என்று பையைத் திறந்தேன். நீங்கள் அனுப்பிய புது ரோல் சீல்கூடப் பிரியாமல் பைக்குள் இருக்கிறது. நேற்று அவசரத்தில் கேமராவில் நான் மாட்டியது, பழகுவதற்காக வைத்திருக்கும், வெளிச்சம் பட்டுக் கெட்ட பழைய ரோல். ஆகவே படம் ஒன்றும் இல்லை. டின் வராது, இந்தக் கடிதம் மட்டும் வரும். தூக்கு மாட்டிக்கொள்ளாத குறையாகக் கெங்கம்மாளிடம் போய்ச் சொன்னேன். தெருவில் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. அவள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, "படம் இல்லன்னா போவுது வுடுண்ணே. கொழாய் வர்ற வரைக்கும் அந்தாளு ஜீப் வர்ற அன்னிக்கெல்லாம் நாங்க வந்து நிக்கிறோம். நீ பொட்டிய மட்டும் தூக்கிக்கினு வா" என்றாள். ஆகையால் என் பெயரை எடுப்பதென்றால் குழாய் வந்த பிறகு எடுங்கள். அதுவரை ரோல் எதுவும் அனுப்ப வேண்டாம்.